தங்கச்சி முகம் தெரிய ஒரு டிவி

எங்கள் வீட்டுப் பழைய டிவி ஒரு ஐப்பசி மாதத்து மத்தியான இடியில் போய்விட்டது. பின்பக்கம் பெட்டி மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும் பழைய டிவி. இடி இடித்தால் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பது எங்கள் லயத்தில், அந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றைக்கு அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். நான் பதுளையில் வேலையில் இருந்தேன். வீட்டிலிருந்த அப்பாவுக்கு இடிச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை. தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து அரைக்கும் மெஷின்களுக்குப் பக்கத்தில் ஆயுளைக் கழித்தவர். காது பாதிதான் மிச்சம். டிவியிலிருந்து புகை வந்த பிறகுதான் எழுந்து போய் பிளக்கைக் கழற்றியிருக்கிறார்.

டிவி போனது எங்கள் மூன்று பேருக்கும் பெரிய கவலையாக இல்லை. கவலைப்பட்டது என் தங்கச்சிதான். அவள் வளைகுடா நாடொன்றில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் ரெண்டே பிள்ளைகள். நான் மூத்தவள், பதுளை பஸாரில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறேன். அவளுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் லயத்தில் தொங்கல் காம்பரா, அதாவது கடைசி வீடு, எங்களுடையது. முன்னால் இஸ்தோப்பு என்கிற சிறு திண்ணை, உள்ளே ஓர் அறை, பின்னால் அடுப்படி. அந்த ஓர் அறையில்தான் நாங்கள் நான்கு பேரும் படுத்து எழும்பினோம்.

தங்கச்சியின் வீடியோ கால் வந்தால் அம்மா போனைக் காதில் வைத்துக்கொள்வாள். "அம்மா, காதுல வைக்காதீங்க, மூஞ்சிக்கு நேரா புடிங்க" என்று அவள் அங்கிருந்து கத்துவாள். அம்மாவும் பிடிப்பாள். பேச்சு கொஞ்சம் சுவாரஸ்யமானதும் போன் தானாகக் காதுக்குப் போய்விடும். தங்கச்சிக்குத் தெரிவதெல்லாம் அம்மாவின் காதும் அதைச் சுற்றி நரைத்த நாலு முடியும்தான்.

"ஒரு வருசமா ஒங்க காத மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சிரிப்பாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஒரு கண்ணுக்கு மட்டும் பதுளை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து படலம் எடுத்திருந்தார்கள். மற்றக் கண்ணுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. கையளவு போனில் மகளை அவளால் பார்க்க முடியவில்லை. "என்னமோ வெள்ளையா அசையுது, அதுல ஒன் கொரல் வருது" என்பாள்.

டிவி எரிந்துபோனதைக் கேட்டதும் தங்கச்சி என்னிடம் சொன்னாள். "அக்கா, பழைய மாதிரி எதையாவது வாங்கிறாத. நல்ல ஹெச்.டி. டிவியா ஒன்னு எடு. இப்ப வர்றதுல போனை சேத்துக்கலாம். இங்க மேடம் அவங்க அம்மாவோட அப்படித்தான் பேசுறாங்க. என் மூஞ்சி செவத்தளவு தெரியும். அம்மா பாக்கட்டும்."

"நீ வந்ததுக்குப் பொறகு வாங்கலாமே. இன்னும் ஒரு வருசந்தானே" என்றேன்.

"அதுவரைக்கும் அம்மா என்னைய பாக்காமயே இருக்கணுமா?" என்று கேட்டாள். அந்த மாதமே காசும் அனுப்பிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் பதுளைக்கு இறங்கினோம். அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். அப்பா எங்கள் அறைச் சுவரின் அகலத்தை ஒரு சணல் கயிற்றில் அளந்து, முடிச்சுப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் அவர் அதை இரண்டு தடவை வெளியே எடுத்து முடிச்சு அவிழவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

முதலில் போனது கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. உள்ளே ஒரு சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே படம். பச்சைக் கிளிகள் பறந்தன. பிறகு கடலுக்குள் மீன்கள் வந்தன. பிறகு யாரோ ஒரு பெண் ஆரஞ்சுப் பழத்தை வெட்டினாள், சாறு தெறித்தது. அம்மா அந்தச் சாறு தன் மேல் பட்டுவிடும் என்பதுபோல ஓரடி பின்னால் போனாள்.

கழுத்துப்பட்டி கட்டிய பையன் ஒருவன் வந்து சிங்களத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தான். எத்தனை அங்குலம்? ஃபுல் ஹெச்.டி. போதுமா, ஃபோர் கே வேண்டுமா? சாதாரணமா, ஸ்மார்ட்டா? டிஷ் இருக்கிறதா, அதன் பெட்டி ஹெச்.டி.யா? பின்னால் எத்தனை வயர் குத்த வேண்டும்? நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கயிற்றை எடுத்து ஒரு டிவியின் மேல் விளிம்பில் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா கிளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான். எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்று. கரண்ட் நிறையப் போகுமா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு வேறொரு குடும்பத்திடம் போய்விட்டான்.

வெளியே வந்ததும் அப்பா, "சரி, வீட்டுக்குப் போவோம். ரேடியோ இருக்குல்ல" என்றார்.

"மகளுக்கு என்னான்னு சொல்றது?" என்று அம்மா கேட்டாள். அப்பா கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

எங்கள் தையல் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை இருக்கிறது. ஃபேன், கேத்தல், ரைஸ் குக்கர், டிவி எல்லாம் விற்பார். அவருடைய சாரங்களை நான் மூட்டித் தைத்திருக்கிறேன். நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன்; அவர் என்னைத் தங்கச்சி என்பார். அங்கே அழைத்துக்கொண்டு போனேன். அவர் அப்பாவுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார், அம்மாவுக்கு இன்னொன்று. பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, டிவி எங்கயும் இருக்கட்டும். பாக்கிறவங்க எங்க உக்காருவீங்க?"

அறையின் நீளத்தைச் சொன்னேன். அப்பா கயிற்றைக் கொடுத்தார். நானா அதைத் தரையில் நீட்டிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் தங்கச்சியின் கால் வந்தது. நாங்கள் டிவி எடுக்கப் போகிறோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். மேடம் வீட்டில் எல்லோரும் வெளியே போயிருக்கிறார்களாம், பேச நேரம் கிடைத்திருக்கிறது. போனை முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"அக்கா, அம்பத்தஞ்சு எடு. அதுக்கு கொறஞ்சி எடுக்காத."

நானாவுக்கு அது கேட்டது. "மகள், தொங்கல் காம்பராக்குள்ள அம்பத்தஞ்ச வெச்சா கதவு தொறக்க ஏலாது. அவ்வளவு கிட்ட இருந்து பாத்தா தலை சுத்தும். நாப்பத்தி மூணு போதும். ஃபோர் கேயும் தேவயில்ல. ஒங்கட டிஷ்ல வார படத்துக்கு ஃபுல் ஹெச்.டி.யே தாராளம்."

"நானா, கொறஞ்ச சாமானா பாத்து தலையில கட்டாதீங்க" என்று அவள் சொல்ல, நானா வாய்விட்டுச் சிரித்தார்.

அப்பாவுக்குச் சத்தம் முக்கியம். ஒவ்வொரு டிவியாகச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். நானா கூட்டினார். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதுல பேச்சு கேக்குது, அதுல மியூசிக்குதான் கேக்குது" என்று அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார். தங்கச்சி போனுக்குள்ளிருந்து, கறுப்பு ஓரம் மெல்லிசாக இருக்கிறதா, ரிமோட்டில் பேசலாமா என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். நான் நடுவில் நின்று அவள் சொல்வதை அப்பாவுக்கும், அப்பா சொல்வதை நானாவுக்கும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். யார் கேட்டதற்கும் ஒத்து வருகிற ஒரு டிவி அங்கே இல்லை. ஒன்றில் சத்தம் நன்றாக இருந்தது, படம் சுமார். இன்னொன்றில் படம் நன்றாக இருந்தது, அப்பாவுக்குச் சத்தம் பிடிக்கவில்லை.

அம்மா எழுந்து வந்து நானாவிடம் கேட்டாள். "இதுல எம்மகளோட மூஞ்சி தெரியுமாங்க?"

"ஏன் தெரியாது? இப்பவே காட்டுறேன்" என்று அவர் என் போனை வாங்கி எதையெதையோ அழுத்தினார். சுவரில் மாட்டியிருந்த ஒரு டிவியில் கிளிகள் மறைந்து தங்கச்சி வந்தாள்.

அவ்வளவு பெரிதாக யாரையும் நான் பார்த்ததில்லை. புருவத்துக்கு மேலே இருந்த சின்ன வயதுத் தழும்பு தெரிந்தது. உதடு வெடித்திருந்தது தெரிந்தது. தலையில் மஃப்ளர் மாதிரி ஒரு துணியைச் சுற்றியிருந்தாள். பின்னால் தட்டில் டின்களும் பெரிய அரிசிப் பைகளும் அடுக்கியிருந்தன. சாமான் அறையில் நின்று பேசியிருக்கிறாள்.

"அம்மா, தெரியுதா?"

அம்மா டிவிக்குக் கிட்டப் போய், தலையைப் பின்னால் சாய்த்து, ஒப்பரேஷன் செய்த கண்ணால் பார்த்தாள். பிறகு, "மெலிஞ்சிட்டே" என்றாள்.

"இல்லம்மா, டிவியில அப்படித் தெரியுது."

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ரைஸ் குக்கர் பார்க்க வந்த ஒரு கணவனும் மனைவியும் நின்று சிரித்த முகத்தோடு பார்த்தார்கள். தங்கச்சிக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். தலைத்துணி நழுவியது. அதைச் சரிசெய்ய வலது கையைத் தூக்கினாள். சட்டையின் நீளக் கை முழங்கை வரை இறங்கியது.

முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு காயம். புதிதும் இல்லை, பழையதும் இல்லை. கருஞ்சிவப்பாக, ஓரம் உரிந்து. ஒரு பக்கம் நேர்கோடு, அது போய் ஒரு கூர்முனையில் முடிந்தது.

"அது என்ன கையில?" அம்மா விரலை டிவியின் மேல் வைத்தாள்.

கை கீழே இறங்கியது. "எண்ணெ தெறிச்சிருச்சும்மா. மீன் பொரிக்கையில."

"எண்ணெய் தெறிச்சா அப்படியா இருக்கும்?"

"ஆமாம்மா. இங்க சட்டி பெருசு."

நான் தினமும் காலையிலிருந்து மாலை வரைக்கும் அயன் பிடிக்கிறவள். தைத்த துணியை அயன் பண்ணித்தான் மடிக்க வேண்டும். அயனின் முனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் கை பட்டால் எங்கே படும் என்றும் தெரியும். விரலில் படும், புறங்கையில் படும். முன்கையின் உள்பக்கம், அவ்வளவு ஆழமாக, யாராவது பிடித்து வைத்தால்தான் படும்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். பெரிய திரையில் அவள் என்னைத்தான் பார்க்கிறாளா, போனைப் பார்க்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. "அவங்க வந்துட்டாங்க போல, வைக்கிறேன்" என்றாள். டிவியில் மறுபடி கிளிகள் பறந்தன.

அப்பாவுக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. "ஏன் வச்சிட்டா? சத்தம் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். நானா மற்ற டிவிகளின் சத்தத்தை ஒவ்வொன்றாகக் குறைத்தார்.

"இதையே எடுங்க" என்று அம்மா தங்கச்சி தெரிந்த டிவியைக் காட்டினாள். அது நாங்கள் பேசிக்கொண்டிருந்த எதுவும் இல்லை. அதன் சத்தத்தை அப்பா கேட்டுப் பார்க்கவே இல்லை. ஒருவரும் எதிர்த்துச் சொல்லவில்லை. நான் சரி என்றேன். அதைத் தவிர வேறு எதையும் அந்த நேரத்தில் என்னால் நினைக்க முடியவில்லை.

அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டும்போது நானா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, கோவிச்சுக்கொள்ள வேணாம். முடிஞ்சா அந்தப் புள்ளய ஊருக்குக் கூப்பிட்டு எடுங்க."

டிவி வீட்டுக்கு வந்தது. சுவரில் மாட்ட முடியவில்லை. எங்கள் லயம் வெள்ளைக்காரத் துரை காலத்தில் கட்டியது. ஆணி அடித்தால் ஆணியோடு சுவரும் வரும். தகரப் பெட்டியின் மேல் பலகை போட்டு, அதன் மேல் வைத்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிகிறது என்று ஆச்சரியப்பட்டார்கள்.

மறுநாள் மத்தியானம், கடையில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், நான் பின்பக்கம் போய் தங்கச்சிக்குக் கால் எடுத்தேன்.

"அயன்தானே?" என்றேன்.

"எது?" என்றாள்.

"அயன்தானே, சொல்லு."

"அம்மாட்ட சொல்லிறாத" என்றாள். "ஒரு தடவ தாங்க்கா. மேடத்தோட சட்ட ஒன்னு எரிஞ்சி போச்சு. அந்தக் கோவத்துல. பொறகு அவங்களே மருந்தும் வாங்கிக் குடுத்தாங்க."

"நீ வந்துரு."

"பாஸ்போட் அவங்ககிட்ட இருக்கு. எப்படி வர்றது?"

"நான் போய் சொல்றேன். ஏஜென்ட்டுகிட்ட சொல்றேன், கொழும்புல பெரிய ஆபீஸ்ல சொல்றேன்."

"அக்கா, கேளு. நீ சொன்னா அவங்களுக்கு கால் போகும். என் போன புடுங்கிருவாங்க. பக்கத்து வீட்டுல ஒரு புள்ளைக்கு அப்படித்தான் நடந்துச்சு. பொறகு அதோட வீட்டாளுங்க அது உசுரோட இருக்கா இல்லையான்னே தெரியாம இருந்தாங்க. இப்ப நான் பேசவாச்சும் பேசுறேன்ல."

அப்படிச் சொன்ன பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் லீவு கேட்டுப் பண்டாரவளைக்குப் போய், அவளை அனுப்பிய ஏஜென்ட்டைப் பார்த்தேன். பெரிய ஏஜென்சிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஆள் பிடித்துக் கொடுப்பவர். மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"காயத்தப் பாத்தேன்."

"காயத்தப் பாத்தீங்க. சூடு வச்சதப் பாத்தீங்களா?"

"அவ சொன்னா."

"அப்ப அவங்களே பேசட்டும். அவங்க வாயால சொன்னா நான் இந்த நிமிசமே எடுத்து நடத்துவேன். நீங்க சொல்லி நான் அங்க கேட்டு, அந்த வீட்டாளுங்க இல்லேன்னு சொல்லிட்டா யாருக்கு கெடுதி? ஒங்க தங்கச்சிக்குத்தான்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. சத்தம் போட்டிருந்தாரென்றால் நானும் சத்தம் போட்டிருப்பேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். பஸ் பாதி வழி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் மூடவில்லை. நான் நனைந்துகொண்டே வந்தேன், இடம் மாறி உட்காரவும் தோன்றவில்லை.

பண்டாரவளையில் ஒரு தைக்கும் மெஷின் பார்த்துவிட்டு வந்ததாக வீட்டில் சொன்னேன்.

டிவி வந்து முதல் வெள்ளிக்கிழமை. தங்கச்சிக்குச் சாவகாசமாகப் பேச நேரம் கிடைப்பது வெள்ளியில்தான். அம்மா மலையிலிருந்து வந்து குளித்து, தலை சீவி, பொட்டு வைத்து டிவிக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தாள். நானா காட்டிக் கொடுத்தபடி போனை டிவியில் சேர்த்தேன். கால் வந்தது. குரல் மட்டும்தான் வந்தது.

"கேமரா ஒடஞ்சி போச்சும்மா. போன் கீழ விழுந்துருச்சு" என்றாள்.

படத்துக்குப் பதிலாக அவள் போனில் போட்டு வைத்திருந்த ரோஜாப்பூ வந்தது. அவள் எடுத்த படம்கூட இல்லை. எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. நாற்பத்து மூன்று அங்குலத்துக்கு ஒரு ரோஜாப்பூ. இதழில் இருந்த தண்ணீர்த் துளிகள் எல்லாம் எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு.

அடுத்த வெள்ளியும் ரோஜாதான். அதற்கடுத்த வெள்ளியும். புதுப் போன் வாங்கச் சொன்னோம், வாங்குகிறேன் என்றாள். சிறிய போனில் பேசிய ஒரு வருடமும் அவள் முகத்தைக் காட்டத் தயங்கியதில்லை. அதில் தன் முகம் அம்மாவின் கண்ணுக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அவளே கேட்டு, அவளே காசு அனுப்பி வாங்கவைத்த டிவி வந்த நாளிலிருந்து அவள் முகம் வரவேயில்லை.

அம்மா அந்தப் பூவைப் பார்த்துத்தான் பேசினாள். சாப்பிட்டியா, தூங்குனியா, தலைவலி இருக்கா. பேசி முடித்ததும் பூ போய்விடும், திரை கறுப்பாகிவிடும். அம்மா அதில் தெரிகிற தன் நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போவாள். மற்ற நாட்களில் அவள் டிவி பக்கமே போகமாட்டாள். அப்பாதான் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்ப்பார். பாட்டு வந்தால், நாடகம் வந்தால், எது வந்தாலும் பார்ப்பார். அவரிடம் நாங்கள் காயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதென்றால் கத்திச் சொல்ல வேண்டும். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும்.

எனக்கும் அம்மாவுக்கும் நடுவிலும் அந்தப் பேச்சு வரவில்லை. ஒரே ஒரு தடவை, நான் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை வீட்டில் அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள். நான் அயனை நிமிர்த்தி வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பாத்து புடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மற்றக் கண்ணுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஒப்பரேஷன் நடந்தது. கட்டை அவிழ்த்த டொக்டர், இப்போது எல்லாம் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டார். "தெரியுதுங்க ஐயா" என்றாள் அம்மா. அந்த வாரமும் ரோஜாதான்.

தங்கச்சி தன் காலத்தை முடித்துக்கொண்டுதான் வந்தாள். ஒப்பந்தம் முடிந்ததும் மேடம் டிக்கெட் போட்டு, பாஸ்போட்டைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நானும் அப்பாவும் கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தோம். வெயிலில் இருந்து வந்தவள் மாதிரி இல்லை, வெளுத்துப் போயிருந்தாள். இரண்டு வருடமும் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். பதுளை வரைக்கும் எழும்பவில்லை.

வீட்டில் அம்மா அவளை இஸ்தோப்பில் வெளிச்சத்தில் உட்கார வைத்து, சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தாள். காயம் ஆறி, தோல் மினுமினுத்து, முனை மட்டும் கறுப்பாக நின்றது. அதற்கு மேலே, முழங்கைக்குப் பக்கத்தில், இன்னொன்றும் இருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. "ஒரு தடவ தாங்க்கா" என்று அவள் சொன்னது என் காதில் அப்படியே இருந்தது. அம்மா உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் கொண்டு வந்து இரண்டின் மேலும் தடவினாள். எப்போதோ ஆறிப்போன புண்ணுக்கு எண்ணெய் என்ன செய்யும்? ஆனாலும் நிறையத் தடவினாள், முழங்கையிலிருந்து வழிகிற அளவுக்கு.

"போதும்மா, சட்டையெல்லாம் ஆகுது" என்றாள் தங்கச்சி.

அவள் புது டிவியைக் கண்டு சந்தோஷப்படுவாள் என்று அப்பா எதிர்பார்த்தார். ரிமோட்டை அவள் கையில் கொடுத்து, "நீ வாங்குனது, போடு" என்றார். அவளும் போட்டாள். ஒரு சானலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டேயிருந்தாள். அந்த வீட்டில் இதைவிடப் பெரிய டிவி இருந்ததாம். தினமும் துணியால் துடைத்திருக்கிறாள். ஒருநாளும் முன்னால் உட்கார்ந்து பார்த்ததில்லையாம். அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. இஞ்சி விலை ஏறிவிட்டது என்பது போலச் சொன்னாள்.

ஐந்தாறு மாதம் வீட்டில் இருந்தாள். நான் எங்கள் முதலாளியிடம் சொல்லி அவளைத் தையல் கடையில் சேர்த்துவிட்டேன். காஜா எடுப்பாள், பொத்தான் தைப்பாள். அயன் மேசைப் பக்கம் அவளை நான் விடவில்லை, அவளும் வரவில்லை. கொஞ்ச நாளில் ஓவர்லொக் மெஷினும் பழகிவிட்டாள். சரியாகிவிட்டது என்று நினைக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள். "அக்கா, நான் திரும்பப் போறேன். வேற நாடு. வயசான அம்மா ஒருத்தவங்கள பாத்துக்கிற வேலை."

"ஒனக்கு பைத்தியமா? ஒன் கையப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். எல்லா வீடும் அப்படி இருக்காதுக்கா."

"இருந்தா?"

"இங்க இருந்து என்ன செய்ய? நீ மூட்டுவ, நான் பொத்தான் தைப்பேன். அம்மா எத்தன வருசத்துக்கு மலை ஏறுவாங்க? ஒரு துண்டு காணி பாத்து ஒரு செவரு எழுப்பணும்ல. ஆணி அடிக்கிற மாதிரி ஒரு செவரு."

நான் திட்டினேன், கெஞ்சினேன். ஸ்பிரிங்வெளி பஸ் வந்து போனது, நாங்கள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தோம். வீட்டில் அம்மாவிடம் அவளே சொன்னாள். அம்மா தடுப்பாள் என்று நான் நம்பியிருந்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி முடித்து முறத்தை ஓரமாக வைத்தாள். பிறகு, "எப்ப போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

மெடிக்கலுக்குக் கொழும்புக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் கையைப் பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறார். எண்ணெய் தெறித்தது என்று சொல்லியிருக்கிறாள். அவர் சரி என்று எழுதிக்கொண்டார்.

இப்போது அவள் அங்கே போய் மூன்று மாதமாகிறது. நல்ல இடம் என்கிறாள். நாங்கள் நம்புகிறோம், நம்புவதைத் தவிர வழியும் இல்லை. வெள்ளிக்கிழமை கால் வரும். இந்தத் தடவை முகத்தோடு வருகிறாள். அது அம்மா போட்ட கண்டிஷன். ரோஜாப்பூ வந்தால் பேசமாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

டிவியில் அவள் தெரிந்ததும் அம்மா எழுந்து கிட்டப் போய் நிற்பாள்.

"கைய காட்டு."

தங்கச்சி சட்டைக் கைகளைத் தோள்வரை சுருட்டி, இரண்டு கைகளையும் போனுக்கு முன்னால் நீட்டுவாள். "திருப்பு" என்பாள் அம்மா. திருப்புவாள். "கழுத்து." துணியை விலக்கிக் காட்டுவாள். பழைய தழும்புகள் இரண்டையும் அம்மா திரையின் மேல் விரலால் தொட்டு ஒதுக்கி, மற்ற இடமெல்லாம் மெதுவாகப் பார்ப்பாள். முதல் வாரம் தங்கச்சி சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை. பேசாமல் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாள்.

இதுவரைக்கும் புதிதாக ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை இருந்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்டதில்லை.

அம்மா பார்த்து முடித்துப் பாயில் வந்து உட்கார்ந்ததும், அப்பா பின்னாலிருந்து என்னைத் தொட்டு, "சாப்பிட்டாளான்னு கேளு" என்பார். நான் உரக்கக் கேட்பேன்.